எழுபத்து மூன்று

டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் எங்கள் நிலையம்.
ரவிக்கைத் துணிக்கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய
பச்சைத் துணிதான் பின்னணி.
அதே பச்சையில் புடவை கட்டி வந்த அன்று
தலையும் இரண்டு கையும் மட்டும் மிதக்க
நல்லமங்கை செய்தி வாசித்தாள்.
யாரும் போன் போட்டுச் சிரிக்கவில்லை.
அப்போதுதான் உறைத்தது,
யாரும் பார்க்கவே இல்லை.

நான் விளம்பரம் பிடிப்பவள்.
வெள்ளகோவிலில், காங்கயம் சாலையின் இரண்டு பக்கமும்
ரசீதுப் புத்தகத்தோடு ஏறி இறங்குவேன்.
எண்ணெய்ச் செக்கு, கோழித்தீவனம், தறிச் சாமான்.
"உங்க டிவி எதுலீங் வருது?"
"எழுபத்து மூணுங்."
"எம்பட ஊட்டுல எழுபதோட நின்னுக்குதுங்களே."
ஒரு சொம்பு மோர் வரும்.
எங்கள் பக்கத்தில் இல்லை என்பதைக்கூட
உப்புப் போட்டு, கலக்கித்தான் கொடுப்பார்கள்.

என்னென்னவோ போட்டுப் பார்த்தார் சென்னியப்பன்.
சமையல்: கேஸ் தீர்ந்து பாதியில் நின்றது.
நேயர் விருப்பம்: தினமும் ஒரே பெண் கூப்பிட்டாள்,
ஒருநாள் அவளும் கல்யாணமாகிப் போனாள்.
பெரிய சேனல்களில் நாலு பேர் கத்துகிறார்களே என்று
நாங்களும் நாலு நாற்காலி போட்டோம்.
வந்த நாலு பேரும் மாமன் மச்சான்.
"நீங்க சொல்லுங்."
"இல்லீங், நீங்க மொதல்ல சொல்லுங்."
ஒரு மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் கொள்முதலுக்கு
கேமராவோடு போன அப்பாஸ்
பேட்டிக்கு ஆள் கிடைக்காமல்
விலை எழுதிய சிலேட்டையே
பதினொரு நிமிடம் பிடித்து வந்தான்.
வேறொன்றும் இல்லாததால் அதை ஓடவிட்டோம்.
மர முருங்கை, செடி முருங்கை, கரும்பு முருங்கை.
சாக்பீஸ் எழுத்து. ஓரத்தில் ஒரு ஈ.

அந்த ஈ பறப்பதற்குள் போன் அடித்தது.
மயில்ரங்கத்திலிருந்து ஒரு குரல்:
"இது இன்னைக்கு வெலையா, நேத்து வெலையா?"
ஆறு வருடத்தில்
எங்களை ஒருவர் கேட்ட முதல் கேள்வி.

அதன்பின் திரைக்கு அடியில் ஒரு பட்டை ஓடியது.
முருங்கை, தேங்காய்ப் பருப்பு,
அமராவதியில் எப்போது தண்ணீர், எங்கே மின்தடை,
யார் வீட்டில் எழவு, எத்தனை மணிக்கு எடுப்பது.
அதற்கு மேலே படம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது,
வரப்புக்கு மேல் ஆகாயம் மாதிரி.
பட்டையைத் தட்டச்சு செய்வதும் நான்தான்.

ஆடி முதல் ஞாயிறு
மூன்று மாடி ஏறி வந்தார் மண்டிக்காரர் கிட்டுசாமி.
எங்களைத் தேடி ஒரு முதலாளிக்கு
மூச்சு வாங்கியது அதுதான் முதல் தடவை.
"வெலையப் போடுங், வேண்டாங்கல.
அரை மணி நேரம் பொறுத்துப் போடுங்."
மேசைமேல் ஒரு மஞ்சப் பை.
எங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
சென்னியப்பன் பையைப் பார்த்தார்,
பத்து நிமிடம் முந்தி ஓடும் எங்கள் கடிகாரத்தைப் பார்த்தார்.
எனக்கென்னவோ
சிலேட்டில் எங்கள் பெயரையும் எழுதி
பக்கத்தில் கிலோ இத்தனை என்று
போட்டது போல இருந்தது.

அவர் வாய் திறப்பதற்குள்,
திறப்பதற்குள் என்றுதான் நினைக்கிறேன்,
என் விரல் பட்டனில் பட்டிருந்தது.
செடி முருங்கை ஒன்பது ரூபாய்.

சன்னலுக்குக் கீழே டீக்கடை டிவி.
பின் சீட்டில் காய்க்கட்டோடு நின்ற ஒருவர்
டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு
வண்டியைத் திருப்பினார்,
மூலனூர்ப் பக்கம்.

கிட்டுசாமியும் பார்த்தார்.
பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.
நல்லமங்கை
அவருக்கு மோர் கலக்கப் போனாள்.

புதன்கிழமை ஆள் அனுப்பியிருந்தார்.
பேத்திக்குக் காதுகுத்து, மூன்று நாள் ஓடணுமாம்,
முருங்கை விலைக்கு அடுத்தாற்போலவே வரணுமாம்.
நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார்.
ஐம்பது குறைத்தேன்.