உப்பில்லாத தண்ணீர்

சிவதாபுரத்துப் பட்டறையில்
சிலிண்டர் தீர்ந்த வாரம் அது.
கொலுசுக் கண்ணி பற்றவைக்கத்
தண்ணீரிலிருந்தே நெருப்பெடுப்போம் என்றான் தனகோடி.
கம்பி இரண்டை முக்கினோம்.
வெறும் தண்ணீர்
கரண்டை ஊமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
ஒரு கை கல்லுப்பு அள்ளிப் போட்டேன்.
இரு முனையிலும் பொங்கியது குமிழி,
கூடவே
முனிசிபல் தொட்டி கழுவும் நாளின் வாடை.
கண்ணெரிந்து தெருவுக்கு ஓடினோம்.
திரும்பி வந்தபோது
ஆணியில் தொங்கிய பதினாறு ஜோடியும்
முகம் கறுத்திருந்தன.
பழமொழி வாய்க்குச் சரி,
கம்பி முனைக்கு இல்லை.

பேட்டரி ஆசிட் வேண்டாம் என்றேன்.
என் இடது முழங்கையில்
அதன் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது.
காஸ்டிக் நன்றாக ஓடுமாம்,
கண்ணில் ஒரு சொட்டு தெறிக்கும்வரை.
ஆப்பச் சோடாவில்
வேண்டா விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல்
ஒவ்வொரு குமிழியாய் வந்தது.

கடைசியில் சலவைச் சோடா.
அதுவும் கையைக் கடிக்கும்,
ரப்பர் உறை போட்டால் அடங்கும்.

ஆனால் முனைக்கு நாங்கள் வைத்தது
சேலம் ஸ்டீல் கரண்டிக் காம்பு.
ஊர்ப் பெருமை.
மூன்றாம் நாள் தண்ணீர் மஞ்சளித்தது.
ஸ்டீலுக்குள்ளிருந்து குரோமியம் இறங்கிவிட்டது,
சாக்கடையில் ஊற்றாதே, தொடாதே என்று
பாலிடெக்னிக் படித்த ஆரோக்கியமேரி
போனில் கத்தினாள்.
அந்த வாளி இன்னும் மூலையில் இருக்கிறது,
மூடி போட்டு,
பெயிண்டில் ‘விஷம்’ என்று எழுதி.
யாரிடம் கொடுப்பதென்று
கேட்ட இடத்திலெல்லாம் கை விரித்தார்கள்.

பிறகு நிக்கல் தகடு.
ஒரு பக்கத்துக் குமிழி மட்டும் குழாய்க்குள்;
இரண்டும் ஒரே பாட்டிலில் சேர்ந்தால்
அதற்குப் பெயர் வெடி.
நெருப்பு பின்னால் திரும்பினால்
அங்கேயே சாகட்டும் என்று
நடுவில் ஒரு தண்ணீர் ஜாடி.
ஜன்னல்கள் திறந்தே கிடந்தன.
ஏற்காட்டுப் பக்கமிருந்து காற்று.

வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது.
மஞ்சள் தெரிந்தால்
சோடா ஏறி வருகிறது, நிறுத்து.
முதல் கண்ணி கூடிக்கொண்டது.
சுடர் எங்கே என்று தேடித்
தனகோடி தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தான்.
உள்ளே பனித்தது.
மடத்தனம்தான்,
விரலால் வழித்து நாக்கில் வைத்தேன்.

உப்பே இல்லை.