குக்கரில் மணல்

தடைக்காலத்தின் கடைசி நாள்.
தங்கச்சிமடத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும்
விடிந்தால் கடல் என்ற ஒரே பேச்சு.
டீசலுக்குக் கடன் சொல்லிவிட்டு ரெமிஜியுஸ்
திரும்பி வந்தபோது பையில் இரண்டு மாம்பழம்.
ஒன்று ஒரு கன்னத்தில் அழுகல்.
"கிலோவா வாங்க முடியல பவுலின்.
நாம ரெண்டு பேருதானே."

அப்படியே வெட்டித் தின்றிருக்கலாம்.
எனக்குத்தான் ஆசை.
கன்னியர் மடத்துச் சமையலறையில் மூன்று வருஷம் இருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை ஒரு சிஸ்டர் ஓவனில் வைத்து எடுப்பார்,
மேலே மொறுமொறுவென்று, அடியில் பழம் கொதித்துக்கொண்டு.
பதினெட்டுப் பேருக்கு அளவு தெரியும் எனக்கு.
இரண்டு பேருக்குத் தெரியாது.
ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன்,
நெய் முக்கால் கரண்டி என்று வந்தது.
கணக்கை நம்பாமல் ஒன்றரை விட்டேன்.

ஓவன் இல்லை.
மணல் இருக்கிறது,
யாரிடமும் கடன் கேட்க வேண்டாத ஒரே சாமான்.
வலை காய்கிற இடத்துக்கு மேலே, அலை ஏறாத மேட்டிலிருந்து
ஒரு வாளி அள்ளி வந்து சலித்தேன்.
சிப்பி, நைலான் நூல், ஒரு பீடித்துண்டு,
இறால் மீசை.
குக்கர் அடியில் இரண்டு விரல் உயரம் பரப்பி
கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிப் போட்டு
வெறும் மணலைச் சூடு பண்ணினேன்.
கச்சான் காற்று அடுப்பை அணைத்துவிடாமல்
ஜன்னலில் ஒரு சாக்கு.
"கடலை வறுக்கப் போறியா?" என்றார்.

அழுகிய கன்னத்தைச் செதுக்கி எறிந்தேன்.
அதற்கென்றே ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.
மிச்சத்தைத் துண்டு போட்டுக் கிண்ணத்தில்,
மேலே சுரண்டிய கருப்பட்டி, எலுமிச்சை நாலு சொட்டு.
மைதா ஒரு கைப்பிடி, தேங்காய்த் துருவல்,
உடைத்த முந்திரி,
நெய்யோடு சேர்த்து விரல் நுனியால்
புட்டுக்குப் பிசிறுகிற மாதிரி,
பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்.
உப்பு போடவில்லை.
இந்த ஊர்க் காற்றில் திறந்து வைத்த எதற்கும்
தனியாக உப்பு வேண்டாம்.

கடிகாரம் ஈஸ்டரிலிருந்து ஓடவில்லை.
இரண்டு ஜெபமாலை நேரம் என்று வைத்துக்கொண்டேன்.
முதலாவதை ஒழுங்காகச் சொன்னேன்.
இரண்டாவதில் பாதி தாண்டியதும் வாசனை வந்துவிட்டது.
அருள் நிறைந்த மரியே
எத்தனையாவது என்று மறந்துபோனது.
அவர் மூடியைத் திறக்கப் போனார்.
கையில் ஒன்று வைத்தேன்.
ஓரத்தில் பாகு பொங்கி வழிந்து
மணலில் சொட்டிப் புகைந்தது.

ஒரே கிண்ணம், இரண்டு கரண்டி.
நடுவில் கரண்டிக் காம்பால் ஒரு கோடு கிழித்தேன்.
"இந்தப் பக்கம் உங்களுக்கு. அந்தப் பக்கம் எனக்கு."

சொன்ன பிறகுதான்
என்ன சொன்னேன் என்று உறைத்தது.
போன மாசியில் நாற்பத்திரண்டு நாள்
அக்கரைச் சிறையில் இருந்த மனுஷன்.
கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் வாயைத் திறக்குமுன்
அவர் கரண்டி என் பக்கம் வந்து
பெரிய முந்திரியாகப் பார்த்து அள்ளியது.
"தாண்டிட்டேன். பிடி."

பிடித்தேன், மணிக்கட்டை.
நாக்கு சுட்டுவிட்டது அவருக்கு,
வாயை ஆவென்று வைத்துக்கொண்டே சிரித்தார்,
கண்ணில் தண்ணீர், சூட்டினால்தான்.
கோடு இருந்த இடத்தில் பாகு ஊறியிருந்தது.
எது யார் பக்கம் என்று அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

கருகிய ஓரத்தை அவரே சுரண்டித் தின்றார்.
"நெய் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.
சிஸ்டர் கணக்கு சரிதான்.

விடியுமுன் டோக்கன் வாங்கக் கிளம்பிவிட்டார்.
ஐஸ் ஏற்றும் வண்டி தெருவில் போகிற சத்தம்.
கிண்ணத்தைக் கழுவினேன். மணலைக் கொட்டவில்லை,
அடுத்ததற்கு ஆகும்.
பாகு சொட்டிய இடம் மட்டும்
புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி தட்டியிருந்தது.
வாயில் போட்டுப் பார்த்தேன்.
இனிப்பு. கரி.
அப்புறம் பல்லில் நறநற.
துப்பிவிட்டு வாசலுக்கு வந்தேன்.
ஒவ்வொன்றாக எஞ்சின்கள் ஓட ஆரம்பித்திருந்தன.