தண்ணீர் போன பிறகு

கருங்கல் சந்தையிலிருந்து
தங்கப்பழத்தின் இஞ்சி வந்திருக்கிறது,
பிளாஸ்டிக் பையில், மண்ணோடு.
"இன்னைக்குப் பறிச்சதாக்கும்" என்று
தாள் ஒட்டி அனுப்பியிருக்கிறார்.
தாள் சொல்வதை நம்பாமல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

தோல் சீவி அரைத்து
மெத்தனாலில் ஊறவிட்டு வடித்து
ஊசியால் ஏற்றுகிறேன்.
இயந்திரம் முனகத் தொடங்குகிறது.
இனி இருபது நிமிடம் வேலையில்லை.
மிச்சமிருந்த துண்டை வாயில் போட்டுக்கொள்கிறேன்.
ஆய்வகத்தில் எதையும் தின்னக்கூடாது என்று
சுவரில் எழுதிவைத்தவனும் நான்தான்.

முதலில் எலுமிச்சை மாதிரி ஒரு வாசனை.
அது காரமில்லை,
காரம் வந்து உட்கார விரிக்கும் பாய்.
பிறகு ஜிஞ்சரால்.
வளையத் தலை, நீண்ட வால்.
நாக்கு நரம்பில் ஒரு கதவைத் தட்டுகிறது.
சுடுகஞ்சிக்காக வைத்த கதவு அது.
நாற்பத்து மூன்று பாகையில் திறக்கவேண்டியது
முப்பத்தேழிலேயே திறந்துகொள்கிறது.
கால்சியம் உள்ளே பாய,
மூளை தீ என்று கத்துகிறது.
நாக்கடியில் வெப்பமானி வைத்துப் பார்த்திருக்கிறேன்.
எதுவும் எரியவில்லை.

இதே காரத்தைப் பதினேழு வயதில்
அண்ணன் பிதேலிஸ் என் கன்னத்துக்குள் அடக்கினான்.
தேங்காப்பட்டணம் துறைமுகம் தாண்டி
ஆறு மணிநேரம்.
வள்ளத்தின் விளிம்பில் தொங்கி
காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்தேன்,
பிறகு முந்தின இரவை,
பிறகு பச்சைத் தண்ணீரை.
"சவைக்கலே. துப்பாத."

குடலில் செரட்டோனின் வந்து அமரும் நாற்காலியை
ஜிஞ்சரால் காலால் தட்டிவிடும் என்று
எனக்கு அன்று தெரியாது,
அவனுக்கும்.
கால்மணி நேரம் உலகம் நின்றது.
அடுத்த அலை தூக்கியதில்
இஞ்சியும் போனது.

மூன்றுமுறை போனேன்.
மூன்றாம்முறை எனக்காக வள்ளம் திரும்பியது.
டீசல் கணக்கை யாரும் என்னிடம் சொல்லவில்லை;
இன்னும் எரிவது அதுதான்.
இஞ்சி தின்ற குரங்கு என்றார்கள் துறையில்.
குரங்குக்கும் நமக்கும் கதவு ஒன்றுதான்,
அதன் முகத்தில் பிழையில்லை என்று
இப்போதானால் சொல்லியிருப்பேன்.
மறுவாரம் பிதேலிஸ் என்னைக்
கல்லூரி விண்ணப்பத்தோடு பேருந்தில் ஏற்றினான்.

இயந்திரம் மலை வரைந்து முடித்துவிட்டது.
ஜிஞ்சரால், உயரமாக.
அதற்கு வலப்பக்கம்,
இவ்வளவு எழும்பக்கூடாத இடத்தில்
ஒரு குன்று. ஷோகோல்.
காயக்காய ஜிஞ்சரால்
ஒரு தண்ணீர் மூலக்கூறை விட்டுக்கொடுக்கும்.
ஒன்றே ஒன்று.
அதன்பின் காரம் ஏறக்குறைய இரட்டிப்பு.

தங்கப்பழத்துக்குப் போன் போட்டேன்.
"இது பழசாக்கும், அண்ணாச்சி."
"கொஞ்சம் வாடிப்போச்சு.
அதுக்காகக் காரம் கொறஞ்சா போச்சு?"
"கூடியிருக்கு."
அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.
நான் படிவத்தில்
'பச்சை' என்ற சொல்லை அடித்தேன்.

சாயங்காலம் பிதேலிஸ் கூப்பிடுகிறான்.
கேரை கிடைத்திருக்கிறது, வருகிறாயா என்கிறான்.
பின்னால் எஞ்சின் சத்தம், யாரோ ஏசுவது, ஐஸ் உடைவது.
கல்வரைக்கும் வருகிறேன் என்கிறேன்.
பதினெட்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறேன்.
அவன் மீனைத் தூக்கி எறிவான்,
நான் பிடிப்பேன்.
ஒருமுறைகூட, ஏறு என்று சொன்னதில்லை அவன்.
அலுவலகத்தில் எல்லோருக்கும் சாயா வருகிறது.
கொதித்ததில் வால் அறுந்து
ஜிஞ்சரோன் ஆகியிருக்கும் கொஞ்சம்,
பிள்ளைகளும் குடிக்கிற இதமான காரம்.
நான் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

பைக்கின் பெட்டியில்
ஸ்பானருக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவே
ஒரு துண்டு இஞ்சி கிடக்கிறது,
எப்போது போட்டதோ,
சுருங்கிக் கல்லாகி.
அதை மட்டும் இதுவரை
சோதனைக்கு ஏற்றவில்லை.