நெடில், குறில், குறில், குறில்

பிப்ரவரியில் பெட்டிகளைத் திறக்கக் கூடாது.
உள்ளே சேர்த்துவைத்த சூடு போய்விடும்.
டொமிட்செலே கையுறையைக் கழற்றி
விரல் மூட்டால் ஒவ்வொன்றையும் ஒருமுறை தட்டுகிறாள்,
காதை மரத்தோடு ஒட்டிக்கொண்டு.

உஸ்ஸ் என்று எழுந்து உடனே அடங்கினால்
அரசி இருக்கிறாள், போய் வா, என்று பொருள்.
பதினொன்றில் பத்து அப்படித்தான் சொல்லின.
நான்காவது மட்டும்
அடங்கவில்லை.
விரலை எடுத்த பிறகும்
காலிப் பால்கேனுக்குள் காற்று புகுந்ததுபோல்
நீண்டுகொண்டே இருந்தது.
பைன் கிளையிலிருந்து ஒரு பொதி பனி சரிந்து விழுந்தது;
அப்போதும் நிற்கவில்லை.

வரேனா ஊர் மருத்துவர்
போன மாதம் ஒரு வரைபடம் காட்டினார்.
வலப்பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது.
மேல் ஸ்தாயி எல்லாம் போய்விட்டது, என்றார்.
அழைப்பு மணி, வெட்டுக்கிளி,
கவுனாஸிலிருந்து மகள் பேசும் சொற்களின் ஓரங்கள்.
தேனீ அடித்தொண்டையில் முரல்வது.
அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரலில் நான்காவதைத் தூக்கி ஐந்தாவதன்மேல் வைத்தாள்.
இடையில் ஒரு செய்தித்தாள்:
உருளைக்கிழங்கு விலை, இரண்டு மரண அறிவிப்புகள்,
பாதி நிரப்பிய குறுக்கெழுத்து.
மேலே ஓலம், கீழே ரீங்காரம்.
மூன்று நாள் காகிதத்தைக் கடித்துக் கடித்து
வாசலில் தூளாகத் தள்ளின.
நான்காம் நாள் தட்டினாள்.
உஸ்ஸ்.
யாரோ ஒருவருடைய பெயரில் பாதி மட்டும்
சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜூனில் இரவு பத்தரைக்கும் வெளிச்சம்.
ஏழாவது பெட்டிக்குள் யாரோ ஊதுகிறார்கள்.
ஒரு நெடில். பின் குறில், குறில், குறில்.

கிளைபெடா துறைமுகத்தில் பத்தொன்பது ஆண்டு
மீன்பிடிக் கப்பல்களின் தந்தியைக் கேட்ட காது அது.
ஒரு நெடில், மூன்று குறில்: தந்தியில் 'பி'.
அவள் மொழியில் தேனீக்கும் அதுதான் முதலெழுத்து.
சிரித்துக்கொண்டாள்.
குறில்கள் ஐந்தாயின, ஏழாயின;
சிரிப்பு அடங்கியது.

முதலில் வெளிவந்த அரசி அழைக்கிறாள்.
மெழுகு அறைகளில் இன்னும் அடைபட்டிருக்கும் தங்கைகள்
வாத்துக்குரலில் பதில் தருகிறார்கள்: க்வ, க்வ, க்வ.
கடலில் பதில் சொன்னவர்களைத்தான்
தேடிப்போய் மீட்டார்கள்.
இங்கே பதில் சொன்னவளைத்
தேடிப்போய்க் கொட்டுவாள்.
இருந்தும் சொல்கிறார்கள்.

விடிந்தால் கூட்டம் கிளம்பிவிடும்.
இப்போதே பிரிக்க வேண்டும். புகையூதி தயார்,
காலிப்பெட்டி வண்டியில்.
அவள் அசையவில்லை.
ஒவ்வொரு நெடிலுக்கும் முப்பதாயிரம் தேனீக்கள்
நடந்த இடத்தில் உறைகின்றன.
அது காதுக்கு எட்டுவதல்ல;
கன்னத்துக்கு மரம் சொல்வது.

சட்டைப்பையில் தொலைபேசி ஒளிர்ந்தது. ருகிலே.
அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது.

"இங்கேதான்," என்றாள் டொமிட்செலே,
மகள் என்ன கேட்டாள் என்று தெரியாமலே.
"ஏழாவது பெட்டிக்கு வலப்பக்கம்.
புல்லில் உட்கார்ந்திருக்கிறேன்."