அரை வட்டி

ஆத்தங்குடிக் கொட்டகையில் ராத்திரி ஷிப்டுக்கு
விளக்கு எனக்கு மட்டும்தான்.
இருபத்தாறு பேர்.
பிடரியில் தீப்பெட்டி அளவு பேட்டரி.
கண்ணாடிமேல் அச்சை வைத்து
சிவப்பு, பச்சை, மஞ்சள் ஊற்றுகிறார்கள் இருட்டில்.
சிமெண்ட் தூசிக்கு இருமுவதில்லை,
மூச்சு இருந்தால்தானே.

பத்திரத்தில் ஏழாவது வரி:
கடன் முடியுமுன் வாங்கியவர் முடிந்தால்
மிச்சத்தை உடம்பு உழைத்துத் தீர்க்கும்.
யார் படித்தோம்?
மையில் விரலை அமுக்கிவிட்டு
வெளியே வந்து டீ குடித்தோம்.

பதினேழாம் எண் அடைக்கலம்.
பள்ளத்தூர்க் கொத்தனார். மூணு வட்டி.
ஒருமுறை பஸ்ஸில் என்னிடம் சில்லறை மாற்றியிருக்கிறார்.
செத்து நாலு வருஷம்;
வட்டி மட்டும் சாகவில்லை.

இந்தக் கல்லின் முகம் கண்ணாடியில் குப்புறக் கிடக்கும்.
ஊற்றியவனுக்கே தெரியாது என்ன ஊற்றினான் என்று.
அப்புறம் தண்ணீர்த் தொட்டி, வெயில்,
அப்புறம் என் மேசை.
பிசகு இருந்தால் சுத்தியல்.
அதுதான் என் உத்தியோகம்.

ஆடியில் ஒரு கல்லைத் திருப்பினேன்.
எட்டிதழ்ப் பூவின் நடுவே
கட்டைவிரல் ரேகை,
குறுக்கே கரணை வெட்டிய பழைய தழும்பு.
உடைத்தேன்.
மறுநாளும்.
பத்திரக் கட்டை அவிழ்த்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
கொடுத்த ரேகையைத் திருப்பிக் கேட்கிறாரா,
இல்லை, இன்னும் எத்தனை தடவை வேண்டும் என்கிறாரா?

ஒன்பதாம் நாள்
இருபத்தாறு கல்லிலும் இருபத்தாறு விரல்.

நினைவு தட்டினால் தெரிவிக்கவும்,
தெரிவிப்பவருக்கு அரை வட்டி தள்ளுபடி என்று
சுவரில் ஒட்டியிருக்கிறது.
என் கடன் நாலேகால் லட்சம்.
இரண்டு தடவை கணக்குப் போட்டேன்.
போன் செய்தேன்.

காரைக்குடியிலிருந்து வேனில் வந்த பையன்
மரியாதையானவன், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தான்.
ஒவ்வொரு பிடரியிலும் ஊசி இறக்கி
மிச்சமிருந்த ஈரத்தை உறிஞ்சினான்.
முறை வந்தபோது அடைக்கலம்
வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்,
பிரம்பைக் கண்ட பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.
வந்தவன் கவனிக்கவில்லை. நான் சொல்லவில்லை.
அதை மட்டும் நான் சொல்லவில்லை என்று
எங்காவது எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் கல் பழுதில்லாமல் வருகிறது.
கானாடுகாத்தானில் ஏதோ ஹோட்டல் தரைக்கு
நாலாயிரம் போயிருக்கிறது.
சுத்தியலில் துரு.

சோற்றுக்குக் கை கழுவும்போது
கட்டைவிரலை விளக்கருகே பிடித்துப் பார்க்கிறேன்.
மை எப்போதோ போய்விட்டது.
அடையாளம் சொல்ல
ஒரு தழும்புகூட இல்லை.