நானூற்றுப் பதினொன்று

மேலமாசி வீதியில், பாத்திரக்கடை மாடியில்,
ஆடிட்டர் வரதராஜுலு அலுவலகத்தில்
பிறர் வருமானத்தைத் தட்டச்சு செய்வது என் வேலை.
இன்னாருக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு நகை,
வங்கியில் இவ்வளவு என்று
சீல் வைத்துக் கொடுப்போம்.
போன வாரம் திருமங்கலத்து மாட்டுத்தீவன வியாபாரி
மகன் விசாவுக்காக
அடகில் கிடந்த சங்கிலியை ஒரே ஒரு நாள் மீட்டு,
எடை போட்டு, சான்றிதழ் வாங்கி,
மறுநாள் காலை திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கிராம் சரியாகத்தான் இருந்தது.

என் சம்பளம் மாதம் பதினாறாயிரம்,
தீபாவளிக்கு அரை மாதம் கூடுதல்.
அது கடல் தாண்டாது என்கிறது
சோலைமணி அனுப்பிய விதிமுறை, பக்கம் பதினான்கு.
அவன் அங்கே சம்பாதிப்பது மட்டும்தான் சம்பாத்தியம்.
மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ள
ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள்.
பிள்ளை இருந்தால் தலைக்கு இன்னும் கொஞ்சம்.

காஸ் புத்தக அட்டையின் உள்பக்கம்
பென்சிலால் அந்த எண்ணை எழுதியிருக்கிறேன்.
இரண்டு முறை அழித்தாயிற்று.
அவர்கள் உயர்த்தும்போது
அடிக்குறிப்பில்தான் உயர்த்துகிறார்கள்.

அவனுக்குக் கிடங்கில் வேலை.
ஒரு பெல்ட்டில் வரும் பெட்டி
இன்னொரு பெல்ட்டில் போக வேண்டும், அவ்வளவுதான்.
ஞாயிறு இரவு ஒரு முதியோர் இல்லத்தில்
யார் யாரையோ புரட்டிப் படுக்க வைப்பான்.
இரவுப்படி கணக்கில் சேருமா என்று
மூன்று பேரிடம் கேட்டோம்.
ஒருவர் சேரும் என்றார். ஒருவர் சேராது என்றார்.
மூன்றாமவர் முதலில் கட்டணம் கட்டச் சொன்னார்.

சித்திரையில் வந்தான், பத்தொன்பது நாள்.
அழகர் இறங்கிய அன்று கோரிப்பாளையத்து நெரிசலில்
ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு
மற்றதைக் கையில் பிடித்தபடி வீடுவரை நடந்தான்.
"அங்கே இது என்ன விலை தெரியுமா?"
எதைத் தொட்டாலும் விலை சொல்லும் பழக்கம்
வந்திருந்தது அவனுக்கு.
தூக்கத்தில் மட்டும் சொல்லவில்லை.
நான் விழித்திருந்து கேட்டேன்.

பத்தொன்பதில் பதினொன்று சம்பளமில்லா விடுப்பு.
ஜூன் சீட்டோடு பன்னிரண்டு மாதம் நிறைந்ததும்
நான்தான் கூட்டினேன்,
அலுவலகக் கால்குலேட்டரில்,
காகிதச் சுருள் மேசையிலிருந்து வழிய வழிய.
நானூற்றுப் பதினொன்று குறைந்தது.
மறுபடி கூட்டினேன்.
கீழிருந்து மேலாகக் கூட்டினேன்.
சார் எட்டிப் பார்த்தார்:
"எந்தக் கிளையன்ட்டும்மா?"
"பழையதுதான் சார்."

இந்த ஊரில் என்றால்
வாடகை வரவு என்று ஒரு வரி சேர்த்து
டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிடுவார்.
அந்த ஊரில் அவர் கையெழுத்துக்கு
கிறுக்கல் என்று பெயர்.

அன்று சாயங்காலம்தான் கே.கே. நகரில் ஸ்கேன்.
துடிப்பு நூற்று அறுபத்து நான்கு என்றாள் அந்தப் பெண்.
கைப்பையில் பேனா தேடி எழுதிக்கொண்டேன்.
எண் காதில் விழுந்தால்
கை சும்மா இருப்பதில்லை எனக்கு.
ஆரப்பாளையம் பஸ்ஸில் திரும்பும்போது பார்த்தேன்,
எழுதியது
அவன் ஏப்ரல் சீட்டின் பின்பக்கம்.

இரவு பேசினான். அவனுக்கு அது இடைவேளை,
பன்னிரண்டு நிமிடம்.
முதுகுக்குப் பின்னால் பெல்ட் ஓடும் சத்தம்.
"நானூறுதானே? ஆறு சனிக்கிழமை கூடப் பார்த்தால்
முடிந்துவிடும்."
"ஆறு போதாது."
"ஏன், கூட்டலில் தப்பா?"
"கூட்டல் சரி.
தலைக்கணக்கைத்தான் குறைத்துப் போட்டிருக்கிறோம்."

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ அவன் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டார்கள்.
அவன் திரும்பவில்லை.
"எவ்வளவு?" என்றான்.

வாரத்தைக் கேட்கிறானா தொகையைக் கேட்கிறானா
தெரியவில்லை.
இரண்டையும் சொன்னேன்,
வாரத்தை முதலில்.