கோபி, அரைப் பிளேட்

பதினஞ்சு வேலம்பாளையம் முக்கில்
வண்டிக்கடைக்கு மேலே ஒரு டிராகன்.
வரைந்தவர் தேருக்கு வண்ணம் அடிக்கிறவர்;
அதனால் அதற்கு யாளியின் கண்,
கருப்பராயன் மீசை,
வாயில் நெருப்புக்குப் பதில் நூடுல்ஸ்.

லியாவ் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.
நிட்டிங் மிஷினோடு சுவான்சோவிலிருந்து வந்தவர்.
முப்பத்துநாலு இன்ச் சிலிண்டரில்
எந்த ஊசி நொண்டுகிறது என்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.
"மூணு நாளா இட்லிய வெச்சுட்டு முழிக்கறாரப்பா,
அவிங்கூருச் சோறு வாங்கிக் குடு"
என்று இருநூறு ரூபாய்த் தாள் ரெண்டை
என் பையில் திணித்திருந்தார் முதலாளி தெய்வசிகாமணி.

பூவரசன் சென்னிமலைக்காரன்.
தறிச் சத்தத்தில் வளர்ந்த காது,
சட்டியைக் கரண்டியால் அப்படித்தான் அடிப்பான்.
காலிஃபிளவர், சோளமாவு, சோயா,
தக்காளி சாஸ், கறிவேப்பிலை ஒரு பிடி,
அப்புறம் அந்தச் சிவப்பு.
எந்தச் சாயப்பட்டறையில் முக்கி எடுத்ததோ!

ஒரு துண்டைக் குச்சியில் குத்தித்
தெருவிளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் லியாவ்,
ஓட்டை விழுந்த துணியைப் பார்க்கிற மாதிரி.
தின்றார்.
தண்ணீர் குடித்தார்.
போனிடம் ஏதோ சொன்னார். போன் தமிழில் கேட்டது:
"இது எந்த நாட்டு உணவு?"

பூவரசன் என்னைப் பார்த்தான்.
நான் டிராகனைப் பார்த்தேன்.
அது நூடுல்ஸை விடவில்லை.

நானும் போயிருக்கிறேன் அவர் ஊருக்கு,
மிஷின் பார்க்க, ஒரு புரட்டாசியில்.
வட்ட மேசை, நடுவே சுழலும் கண்ணாடி,
யாருக்கும் தனி இலை கிடையாது.
வதக்கிய கீரை, அவித்த கடலை, டம்ளரில் வெந்நீர்.
சோறு கடைசியில், அதுவும் கேட்டால்.
ஆவியில் வெந்த முழு மீனைக் கொண்டுவந்து
தலை என்னைப் பார்க்க வைத்தார்கள்.
சனிக்கிழமைங்க என்று சொல்லத் தெரியாமல்
கண்ணாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்.
மேசையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
விருந்தாளிக்குத்தான் தலையைத் திருப்பி வைப்பார்களாம்.
திரும்பும்போது விமானத்தில்
பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்.

அங்கே எந்த மேசையிலும் கோபி மஞ்சூரியன் இல்லை.
நான் தேடினேன் என்பதை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று ராத்திரி ஒன்றரைக்கு மிஷின் ஓடத் தொடங்கியது.
பஞ்சு படிந்த தலையோடு
செக்கிங் டேபிளில் உட்கார்ந்தோம்.
துளசிமணி டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
அரிசியும் பருப்பும், ஆறிக் கட்டியாகி.
மூடியில் பாதி வைத்து அவர் பக்கம் நகர்த்தி,
"சாப்புடச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

லியாவ் குனிந்தார்.
இரண்டாம் வாய்க்குப் பிறகு நிமிர்ந்தார்.
போன் சொன்னது:
"இது எங்கள் வீட்டில் உண்டு. ஒரே பானை.
பருப்புக்குப் பதில் சிப்பி."

"சிப்பிங்களா!"
துளசிமணி மூக்கைச் சுளித்தாள்,
சிரித்தாள்,
மிச்சத்தையும் அவர் மூடியில் கொட்டினாள்.

கிளம்புகிற அன்றைக்கு,
கோயமுத்தூர் விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்க,
டிராகனுக்குக் கீழே காரை நிறுத்தச் சொன்னார்.
கோபி, அரைப் பிளேட், பார்சல்.
"திருப்பூர்ப் பலகாரம் என்று வீட்டில் சொல்வேன்,"
என்றது போன்.

அதற்குள் ஊசிப்போகுமே என்று
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

"கருவேப்பிலைய எடுத்துரட்டுங்களா?"
கேட்டான் பூவரசன்.
போன் அதை என்னவென்று மாற்றியதோ,
லியாவ் வேகவேகமாகத் தலையாட்டினார்.
எடுக்கச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா தெரியாமல்
கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தான் அவன்.
பின்னால் பனியன் லாரி ஒன்று
ஹாரன் அடிக்கத் தொடங்கியது.